சான்றின்றித் தீர்ப்பில்லை!

(புத்தளம் மாவட்டத்துக் கரையோரக் கிராமமொன்றின் வாசிகசாலையில், உயர்தர வகுப்பு வரலாற்று மாணவர் முன்னிலையில், ‘போருக்குப் பின் கம்யூனிஸத்தின் பரவல்: கட்டுரைக்குச் சான்று தேடுவது எப்படி?’ என்னும் பொருள்பற்றி நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்.)



இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிவுற்றது. அதன்பின் ஐந்தாண்டுகள் நிறைவதற்குள் போலந்து, ருமேனியா, பல்கேரியா, ஹங்கேரி, செக்கோஸ்லவாக்கியா, கிழக்கு ஜெர்மனி, வட கொரியா, சீனா என நாடு நாடாகக் கம்யூனிஸ்ட் ஆட்சி எழுந்தது. இஃது ஏன் நிகழ்ந்தது, எவ்வாறு நிகழ்ந்தது என்று ஒரு கட்டுரை எழுதும்படி நீங்கள் பணிக்கப்பட்டிருக்கிறீர்கள். ‘எந்த நூலைப் பார்ப்பது?’ என்பதே நீங்கள் எம்மிடம் விடுத்த கேள்வி.

நான்கு நூல்களின் பெயரைக் கூறிவிட்டு நாம் மேடையை விட்டு இறங்கிவிடலாம். அதனால் உங்களுக்குப் பயன் விளையாது. அந்த நான்கு நூல்களும் தம்முள் முரண்படுமாயின் நீங்கள் யாது செய்வீர்கள்? எழுதியவர் பெரியவர் என்பதால் ஒன்றை ஏற்பீர்களா? நமது கட்சிக்காரர் என்பதால் மற்றொன்றைப் போற்றுவீர்களா? நூலைத் தேடுமுன் நூலை நிறுக்கும் தராசைத் தேடவேண்டும். அத்தராசைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

சொல் யாருடையது?

முதலில் தலைப்பிலுள்ள சொல்லையே நிறுத்துப் பாருங்கள். ‘கம்யூனிஸ விஸ்தரிப்பு’ என்கிறோம். வாஷிங்டனிலும் லண்டனிலும் வழங்கிய சொல் அது. மாஸ்கோவில் அதே நிகழ்ச்சிக்கு ‘விடுதலை’ என்று பெயர்.

1946 பெப்ரவரி 22-இல் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜோர்ஜ் கெனன் தமது அரசுக்கு நீண்டதொரு தந்தி அனுப்பினார். சோவியத் ஆட்சி தன் செல்வாக்கைப் பரப்பும் இயல்புடையது. அதனைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். அதே ஆண்டு செப்டெம்பரில் வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் நிக்கொலாய் நோவிக்கோவ் தமது அரசுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். அமெரிக்கா உலக மேலாதிக்கத்தை நாடி நிற்கிறது என்பது அவர் கருத்தின் சாரம். இருவரும் அறிஞர், இருவரும் கண்ணாற் கண்டதையே எழுதுவதாக நம்பினர், இருவரும் எதிரியையே விஸ்தரிப்பாளன் என்றனர். முன்னையதன் கருத்து அடுத்த ஆண்டிலேயே உலகறிந்த கொள்கையாயிற்று. பின்னையதோ சோவியத் ஆட்சியின் அந்திம காலத்திலேதான் வெளிச்சத்துக்கு வந்தது. நாற்பதாண்டுக் காலம் ஒரு பக்கத்துத் தந்தியை மட்டும் படித்தவர் எழுதிய நூல்கள் எப்படி அமைந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

ஆதலின் முதல் விதி இது: ஒரு பக்கத்துச் சான்று கையில் கிடைத்தால், மறுபக்கத்துச் சான்று கிடைக்கும்வரை தேடலை நிறுத்தாதீர்கள். இரண்டும் ஒரே நிறையுடையவை என்பது இதன் பொருளன்று. இரண்டையும் ஒரே தராசில் இடவேண்டும் என்பதே பொருள்.

பூட்டிய பெட்டிகள் திறந்தபோது

இரண்டாவது விதி: எந்த நூலை எடுத்தாலும் அது வெளிவந்த ஆண்டை முதலிற் பாருங்கள்.

போலந்திலே 1946 ஜூன் 30-இல் பொதுசன வாக்கெடுப்பு நடந்தது. முதலாவது வினாவுக்கு நூற்றுக்கு 68 பேர் ‘ஆம்’ என்றதாக அரசாங்கம் அறிவித்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி 1989-இல் வீழ்ந்தபின் திறக்கப்பட்ட ஆவணங்களோ அத்தொகை ஏறக்குறைய 27 தான் என்று காட்டின. 1950-இல் எழுதப்பட்ட நூல் ‘மோசடி நடந்ததாக எதிர்க்கட்சியார் கூறுகின்றனர்’ என்றே எழுத முடியும். 2000-இல் எழுதப்பட்ட நூல் ‘மோசடி நடந்தது, இதோ கணக்கு’ என்று எழுத முடியும்.

கொரியாவின் கதையும் அதுவே. 1950 ஜூன் 25-இல் போர் மூண்டது. தெற்கே முதலில் தாக்கியது என்று ஒரு சாராரும், ஸ்டாலினின் ஏவலால் வடக்கே தாக்கியது என்று மறுசாராரும் பல்லாண்டுகள் வாதிட்டனர். 1994-இல் ரஷ்ய ஜனாதிபதி யெல்த்சின் தென் கொரியாவுக்குக் கையளித்த சோவியத் ஆவணங்கள், படையெடுப்பைத் திட்டமிட்டது வடக்கே என்பதையும், கிம் இல் சுங் மீண்டும் மீண்டும் கேட்டதன் மேல் ஸ்டாலின் இசைவளித்தார் என்பதையும் தெளிவாக்கின. தெற்கின்மேற் பழி சுமத்தியவர் வாதம் உடைந்தது. கிம் வெறும் கைப்பாவை என்ற எளிய கதையும் உடன் உடைந்தது. நல்ல சான்று பெரும்பாலும் இப்படித்தான். இரு கட்சிக்கும் முழு மகிழ்ச்சி தருவதில்லை.

மேலைநாட்டார் மட்டும் யாவற்றையும் திறந்து வைத்திருந்தனர் என்று எண்ணிவிடாதீர்கள். 1944 அக்டோபரில் சர்ச்சில் மாஸ்கோவில் ஸ்டாலினைச் சந்தித்தபோது, ஒரு துண்டுக் காகிதத்தில் பால்கன் நாடுகளைக் கணக்கிட்டுக் கொடுத்தார். ருமேனியாவில் ரஷ்யாவுக்கு நூற்றுக்கு 90. கிரேக்கத்தில் பிரித்தானியாவுக்கு 90. யூகோஸ்லாவியாவிலும் ஹங்கேரியிலும் பாதிக்குப் பாதி! அந்நாட்டு மக்களைக் கேட்டவர் எவருமில்லை. அடுத்து 1946 மார்ச்சில், அதே சர்ச்சில் அமெரிக்காவின் புல்டன் நகரில் ‘இரும்புத்திரை’ பற்றி முழங்கினார். அந்தப் பேச்சை மட்டும் மேற்கோள் காட்டி அந்தக் காகிதத்தை மறைக்கும் கட்டுரை பாதிக் கட்டுரையே. அந்தக் காகிதத்தை மட்டும் காட்டிப் போலந்தின் கள்ள வாக்கை மறைக்கும் கட்டுரையும் மற்றப் பாதியே.

மூன்று வழிகள், மூன்று தலைமுறைகள்

இனி, ‘பரவல்’ என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனை வேறுபாடு அடங்கியிருக்கிறது பாருங்கள். போலந்தில் செஞ்சேனையின் நிழலிலே ஆட்சி அமைந்தது. யூகோஸ்லாவியாவில் டிட்டோவின் கெரில்லாப் படை பெரும்பாலும் தன் தோள்வலியாலேயே நாட்டை மீட்டது. அந்த டிட்டோவையே 1948 ஜூனில் ஸ்டாலின் ‘கொமின்போர்ம்’ அமைப்பிலிருந்து விலக்கினார். செக்கோஸ்லவாக்கியாவில் 1946-இல் சுதந்திரமாக நடந்த தேர்தலில் கம்யூனிஸ்டுகள் நூற்றுக்கு 38 வாக்குப் பெற்று முதற் கட்சியாயினர். 1948 பெப்ரவரியிலோ தேர்தலின்றியே முழு ஆட்சியையும் கைப்பற்றினர். மூன்று நாடு, மூன்று வழி. ‘மாஸ்கோவின் சதி’ என்ற ஒரே விடையும் ‘மக்களின் எழுச்சி’ என்ற ஒரே விடையும் இம்மூன்றுக்கும் பொருந்தா.

வரலாற்றாசிரியரும் மூன்று தலைமுறையினர். முதற் தலைமுறையினர் பழியைச் சோவியத் ஒன்றியத்தின் மேல் வைத்தனர். 1959-இல் ‘அமெரிக்க இராசதந்திரத்தின் அவலம்’ என்னும் பொருள்பட நூலெழுதிய வில்லியம் அப்பில்மன் வில்லியம்சும் அவர் வழிவந்தோரும் அமெரிக்கச் சந்தை வேட்டையைக் காரணமாகக் காட்டினர். அதன்பின் வந்த ஜோன் லூயிஸ் கடிஸ் போன்றோர் இரு தரப்பு அச்சத்தையும் எடைபோட்டனர். அவரே 1997-இல், புதிய ஆவணங்களைக் கண்டபின், ஸ்டாலினின் பங்கைக் கூடுதலாக அழுத்தி எழுதினார். கிழக்கு ஐரோப்பாவுக்கு ஆன் அப்பிள்போம் 2012-இல் எழுதிய நூலும், ஆசிய ஆபிரிக்க நாடுகளுக்கு ஒட் ஆர்ன வெஸ்டட் 2005-இல் எழுதிய நூலும் உதவும். இவற்றுள் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒன்றாவது உங்கள் கட்டுரையில் இடம்பெற வேண்டும்.

நம் தமிழரைத் தீண்டிய கதை

‘ஐரோப்பாவின் சண்டை உப்பளத்தையும் கரைவலையையும் நம்பி வாழும் நமக்கு எதற்கு?’ என்று கேட்போர் உளர். மறுமொழி சொல்கிறோம்.

மலாயாவில் 1948 ஜூனில் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி என்னும் தமிழர், கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார். ஆங்கில ஆட்சியின் பதிவேட்டில் அவர் பயங்கரவாதி. தமிழ்த் தொழிலாளர் நினைவில் அவர் தியாகி. பதிவேட்டை மட்டும் படித்தால் அவர் ஏன் அழப்பட்டார் என்பது விளங்காது. நினைவை மட்டும் கேட்டால் வழக்கு யாதென்பது விளங்காது.

இனி நமது இலங்கைக்கு வருவோம். 1947 பொதுத் தேர்தலில் சமசமாஜக் கட்சி 10 ஆசனங்களையும், போல்ஷெவிக் லெனினிஸ்டுகள் 5 ஆசனங்களையும், கம்யூனிஸ்ட் கட்சி 3 ஆசனங்களையும் வென்றன. இம்மூன்றையும் ‘கம்யூனிஸ்டுகள்’ என்று ஒரே கயிற்றால் கட்டும் வெளிநாட்டு அறிக்கைகள் உண்டு. சமசமாஜக் கட்சியோ ஸ்டாலினைக் கடுமையாக எதிர்த்த ட்ரொட்ஸ்கியக் கட்சி. ஸ்டாலினை ஆதரித்தோரை 1940-இல் வெளியேற்றிய கட்சி. அவ்வாறு வெளியேறியோரே 1943-இல் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தனர்.

அத்தேர்தலிலே மலையகத் தமிழ்த் தொழிலாளரின் வாக்குகள் பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குத் துணை நின்றன. தேர்தல் முடிந்து இரண்டே ஆண்டுகள்! 1948-இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949-இன் சட்டங்களும் அந்த மக்களிற் பெரும்பாலாரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1952-இல் அவர்களுக்குப் பாராளுமன்றத்தில் ஒரு குரலும் இல்லை. இடதுசாரி வாக்கு வளர்வதைப் பற்றிய அச்சம் இதற்கு ஒரு காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிபு. அன்றைய அமைச்சர்கள் சபையிற் கூறிய காரணங்கள் வேறு. அவை ஹன்சார்டில் அச்சாகி இருக்கின்றன. சொன்ன காரணம் ஒன்று, விளைந்த பயன் ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்துத் தீர்ப்பெழுத வேண்டியவர்கள் நீங்கள்.

‘கம்யூனிஸப் பூச்சாண்டி’ என்ற சொல் வெறுஞ் சொல்லன்று. அதன் பேரால் உரிமை பறிபோன மக்கள் உண்டு. ‘மக்கள் விடுதலை’ என்ற சொல்லும் வெறுஞ் சொல்லன்று. அதன் பேரால் வாக்குப்பெட்டி களவாடப்பட்ட மக்களும் உண்டு. சான்றை நிறுக்கும் பழக்கம் பரீட்சைப் புள்ளிக்கு மட்டுமன்று என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

அரிசியும் பாண்டுங்கும்

அரசுகளின் பேச்சையும் செயலையும் ஒப்பிட ஓர் உதாரணம் தருகிறோம். 1952 டிசம்பரில் டட்லி சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம், கம்யூனிஸ்ட் சீனாவோடு றப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் சீனா 270,000 தொன் அரிசி தருவது. இலங்கை 50,000 தொன் றப்பர் தருவது. கம்யூனிஸத்தை மேடைதோறும் கண்டித்த ஆட்சி அது! ஆனால் அரிசி தட்டுப்பாடாயிற்று. றப்பர் விலை வீழ்ந்தது. அமெரிக்கா நல்ல விலை தர இசையவில்லை. வயிறு கொள்கையை வென்றது. அப்படியிருந்தும் அடுத்த ஆண்டிலேயே கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட, 1953 ஆகஸ்ட் 12-இல் இடதுசாரிகளின் அழைப்பில் ஹர்த்தால் வெடித்தது. அக்டோபரில் பிரதமர் பதவி துறந்தார்.

அவருக்குப் பின் வந்த சேர் ஜோன் கொத்தலாவலை, 1955 ஏப்ரலில் பாண்டுங் மாநாட்டில் எழுந்து, மேலைநாட்டுக் குடியேற்ற ஆதிக்கத்தைக் கண்டிக்கும் நாம் கிழக்கு ஐரோப்பாவிலுள்ள சோவியத் ஆதிக்கத்தையும் கண்டிக்க வேண்டாமா என்று கேட்டார். நேருவும் சூ என்லாயும் மனங்கசந்தனர். அந்நிகழ்ச்சியைக் கொத்தலாவலையே 1956-இல் தம் சுயசரிதையில் எழுதினார். அதே ஆண்டில் ஜோர்ஜ் கஹின் என்னும் அமெரிக்க அறிஞரும் மாநாட்டைப் பற்றி நூல் வெளியிட்டார். தலைவர் தம்மைப் பற்றி எழுதுவதை அயலார் எழுதியதோடு ஒத்துப் பாருங்கள். சுயசரிதை பொய்யென்று தள்ளற்க. தம்மை எப்படி நினைவுகூர வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

நம் கரையிலும் ஒரு சான்று

வெகுதூரம் போக வேண்டாம். சிலாபத்துக்குத் தெற்கே இரணவில வரை போனாற் போதும். 1951-இலேயே ‘அமெரிக்காவின் குரல்’ ஒலிபரப்பை இலங்கை வானொலி அஞ்சல் செய்ய உடன்பாடு ஏற்பட்டது. கம்யூனிஸத்துக்கு எதிராக ஆசிய மக்களின் செவியை வெல்வதற்கு எழுந்த வானொலிப் போரின் ஒரு பாசறை அது. 1980-களில் அவ்வேற்பாடு விரிவுபெற்று, பின்னர் இரணவில கரையிலே பெருநிலையமாக எழுந்தது. அவ்வூர்க் கத்தோலிக்க மீனவர் 1990-களில் அதனை எதிர்த்துப் போராடினர். 1987 ஜூலையில் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலும், இலங்கையிலுள்ள வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ உளவுத் தேவைக்குப் பயன்படலாகாது என்ற கருத்து இடம்பெற்றது. சோவியத் ஒன்றியம் 1991-இல் மறைந்த பின்னும் இயங்கிய அந்நிலையம் 2016-இல் ஓய்ந்தது.

பனிப்போரின் எச்சமொன்று உங்கள் சொந்தக் கரையில் நின்றிருக்கிறது! உடன்படிக்கையின் வாசகம் ஒரு சான்று. கடிதம் ஒரு சான்று. பத்திரிகைச் செய்தி ஒரு சான்று. அன்று வீதியில் இறங்கிய முதியவரின் வாய்மொழி ஒரு சான்று. அந்த வானொலி சொன்ன செய்தியும் ஒரு சான்றே. ஆனால் எதற்குச் சான்று? நடந்ததற்கு அன்று, கேட்பவர் எதை நம்ப வேண்டும் என்று சொல்பவர் விரும்பினார் என்பதற்கு. மொஸ்கோ வானொலிக்கும் இதே அளவுகோல்தான்.

எங்கே தேடுவது?

கொழும்பிலே தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது; பழைய பத்திரிகைகள் அங்கே உண்டு. இடதுசாரி இயக்கத்தின் முன்னோடி பிலிப் குணவர்த்தனாவின் பெயர் தாங்கிய வீதியிலேயே அது அமைந்திருக்கிறது. ஹன்சார்டுத் தொகுதிகளில் 1956 முதல் 1960 வரை பருத்தித்துறையின் கம்யூனிஸ்ட் பிரதிநிதியாக இருந்த பொ. கந்தையாவின் உரைகளைத் தேடுங்கள். ஏடுகளை எடுக்கும்போது ஒவ்வொன்றும் யாருடையது என்று குறித்துக்கொள்ளுங்கள்: ‘தினகரன்’ லேக்ஹவுசின் ஏடு, ‘சுதந்திரன்’ தமிழரசுக் கட்சியின் குரல், ‘தேசாபிமானி’ கம்யூனிஸ்ட் கட்சியின் குரல். ஒரே நாளின் ஹர்த்தாலை மூன்றிலும் படித்தால், மூன்று ஊரில் நடந்தது போலத் தோன்றும்! மூன்றும் ஒத்துக்கொள்ளும் செய்தியே உங்கள் அத்திவாரம். முரண்படும் இடமே உங்கள் ஆராய்ச்சி.

கொழும்புக்குப் போக வசதியற்றவருக்கும் வழியுண்டு. ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஏடுகளையும் நூல்களையும் படமாக்கி இலவசமாகத் தருகிறது. அமெரிக்க இராசாங்கத் திணைக்களம் தன் வெளிநாட்டுறவு ஆவணங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டிருக்கிறது. அவை யாவும் ஒரு கைப்பேசிக்குள் அடங்கும்.

கைப்பேசியிலே வேறொன்றும் அடங்கும், அதனால் எச்சரிக்கிறோம். கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் கணினி வந்துவிட்டது. பிரத்தியேக வகுப்புக் குறிப்புகளும் கைக்குக் கை மாறுகின்றன. அவை தரும் செய்திக்குச் சான்று யாது என்று ஒவ்வொரு வரியிலும் கேளுங்கள். சான்று காட்டினால் அந்தச் சான்றைத் திறந்து பாருங்கள். காட்டாவிடின் அந்த வரியை வெட்டுங்கள். இணையக் கலைக்களஞ்சியம் வாசற்படி. அதன் அடிக்குறிப்புகள் வழியே உள்ளே போகவேண்டுமேயன்றி வாசற்படியிலே குடியிருக்கலாகாது.

காப்பாற்றுவதும் கடமை

இறுதியாக ஒன்று. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981-இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, பல்லாயிரவர் இந்தப் புத்தளக் கரையிலே வந்து தங்கினர். உடுத்த துணியோடு வந்தவர் உறுதியையும் ஏட்டையும் எங்ஙனம் சுமந்து வருவர்? ஒரு தரப்பு எரித்தது. மறு தரப்பு துரத்தியது. இரண்டிலும் அழிந்தது நமது சான்று. சான்றில்லாத மக்களின் வரலாற்றைப் பிறர் தம் மனம்போல எழுதுவர்.

ஆகவே தம்பியரே, தங்கையரே! உங்கள் வீட்டுப் பரணில் பழைய துண்டுப் பிரசுரம் ஒன்று கிடந்தால், தொழிற்சங்கச் சந்தாப் புத்தகம் ஒன்று கிடந்தால், பொட்டலம் கட்டக் கொடுத்துவிடாதீர்கள். அது எந்தக் கட்சியினதாயினும் ஆகுக! படமெடுத்து, நாளும் ஊரும் குறித்து, வாசிகசாலையில் சேர்ப்பியுங்கள். ஹர்த்தாலையும் இரணவிலப் போராட்டத்தையும் கண்ட முதியோர் இன்னும் சிலராவது நம்மிடையே உளர். அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் கட்டுரை கம்யூனிஸத்தைப் புகழலாம், இகழலாம். அதற்காக எவரும் உங்களைக் குறைகூற நியாயமில்லை. எதிர்த்தரப்பின் மிக வலிய சான்றை எடுத்துக் காட்டி, அதன்பின்னும் உங்கள் முடிபு நிற்கிறதா என்பதொன்றே கேள்வி. நிற்குமாயின் அது வரலாறு. நில்லாதாயின் அது வெறும் பிரசாரம். பிரசாரத்துக்கு நம் நாட்டிற் பஞ்சமில்லை, வரலாற்றுக்கே பஞ்சம். அப்பஞ்சத்தைத் தீர்க்கும் பணியை இன்றே தொடங்குங்கள்.